கூட்டறிக்கை வராத அந்த ஜூலை

2012 ஜூலையில் கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள், சில நாள் பேசினார்கள், கூட்டறிக்கை வெளியிடாமலே ஊர் திரும்பினார்கள். 1967இல் அந்த அமைப்பு தொடங்கியதிலிருந்து 45 ஆண்டுகளில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இப்படிப்பட்ட அறிக்கைகளை யார் படிக்கிறார்கள், பத்தி பத்தியாக ஒரே மாதிரி வாசகங்கள்தானே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் படிப்பேன். பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். எந்தச் சொல் புதிதாக நுழைந்திருக்கிறது, போன ஆண்டு இருந்த எந்தச் சொல்லை இந்த ஆண்டு காணோம் என்று பார்த்தாலே அந்த அறைக்குள் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். அதனால்தான் அறிக்கையே வராத அந்த ஆண்டு என் மனதை விட்டுப் போகவில்லை.

தகராறு தென் சீனக் கடலைப் பற்றிய பகுதியில். அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்ஸ் கடற்படைக் கப்பலும் சீன ரோந்துக் கப்பல்களும் எதிரெதிரே நின்றன. லூசான் தீவிலிருந்து சுமார் 120 கடல் மைல் தூரத்தில் இருக்கும் பவளத்திட்டு அது, பிலிப்பைன்ஸ் மீனவர்கள் காலங்காலமாகப் போய்வந்த இடம். சில மாதங்களில் அது சீனாவின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. ஜூனில் சீன அரசு எண்ணெய் நிறுவனம் ஒன்று, வியட்நாம் தன்னுடையது என்று சொல்லும் கடற்பகுதியில் எண்ணெய் தேட வரும்படி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. ஆகவே பிலிப்பைன்ஸ் ஸ்கார்பரோவின் பெயர் அறிக்கையில் வர வேண்டும் என்றது. வியட்நாம் தனிப் பொருளாதார மண்டலம் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கடல் வளத்தில் ஒரு நாட்டுக்கு உள்ள உரிமைப் பகுதி) என்ற சொல் வர வேண்டும் என்றது. தலைமை நாற்காலியில் இருந்த கம்போடியா இரண்டையும் மறுத்தது. இருநாட்டுத் தகராறுகளை எழுத இது இடமில்லை என்பது அதன் வாதம். வாசகத்தை மாற்றி மாற்றி எழுதிக் காட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் கடைசியில்தான் சீன அதிபர் ஹூ ஜின்டாவ் நோம் பென்னுக்கு வந்துபோயிருந்தார். கம்போடியாவை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின, நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. அல்லது, அது கதையின் பாதி என்று நினைக்கிறேன். மறுபாதியைப் புரிந்துகொள்ள அதற்கு ஓராண்டு முன்னால் போக வேண்டும்.

கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே மலை விளிம்பில் பிரியா விகார் என்ற பழைய சிவன் கோவில் இருக்கிறது. 1962இல் சர்வதேச நீதிமன்றம் அது கம்போடியாவுக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னது. 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் பழைய தகராறு மறுபடி கிளம்பியது. 2011 பிப்ரவரியில் இரு ராணுவங்களும் பீரங்கியால் சுட்டுக்கொண்டன, ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டு நாடுகளும் ஆசியான் உறுப்பினர்கள். கம்போடியா ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் போனது. அவையோ விஷயத்தை ஆசியானின் பொறுப்பில் விட்டது. அப்போது தலைமையில் இருந்த இந்தோனேசியாவின் வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நதலெகாவா உண்மையாகவே அலைந்தார். ஜகார்த்தாவில் எல்லோரையும் உட்காரவைத்து, எல்லையின் இருபுறமும் இந்தோனேசியப் பார்வையாளர்களை அனுப்பலாம் என்று சம்மதம் வாங்கினார். அந்தப் பார்வையாளர்கள் கடைசிவரை போகவே இல்லை, ஏனென்றால் தாய்லாந்து ராணுவம் இடம் கொடுக்கவில்லை. ஏப்ரலில் மறுபடி சண்டை. கம்போடியா திரும்பவும் சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு அதே கம்போடியாவிடம் வந்து, ஒற்றுமைக்காக உனக்கு மிக அதிகம் உதவும் சீனாவைப் பகைத்துக்கொள் என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. கம்போடியா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுந்து வரும் ஒரு வல்லரசின் முன்னால் ஒரு கூட்டமைப்பு உடைகிறதா நிற்கிறதா என்பது, அந்த வல்லரசு வாசலில் வந்து நிற்கும் அன்றைக்கு முடிவாவதில்லை என்று புரிந்தது. அதற்கு முன்னால், யாரும் பார்க்காத ஆண்டுகளில், உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்தார்கள் என்பதில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

மீகாங் நதியை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த விஷயத்தில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. பிலிப்பைன்சுக்குத் தென் சீனக் கடல் எப்படியோ, கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் மீகாங் அப்படி. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது தோன்லே சாப் ஆறு திசை மாறி ஓடி ஏரியை நிரப்புகிறது, அந்த ஏரியின் மீன்தான் கம்போடிய மக்களின் முக்கியப் புரதம். நதியின் மேல்பகுதி சீனாவில், அங்கே அது லன்சாங். அங்கே வரிசையாக அணைகள் கட்டப்பட்டுவிட்டன. 2019 ஜூலையில் கீழ்ப்பகுதியில் நீர்மட்டம் அதுவரை பதிவாகாத அளவுக்கு இறங்கியது. மழை பொய்த்தது ஒரு காரணம், அணைகளில் நீரை நிறுத்தியது இன்னொரு காரணம், எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்னமும் வாதம் நடக்கிறது. ஒரு வல்லரசு தன் சின்ன அண்டை நாட்டின் சோற்றில் கைவைக்கும் நிலை என்றால் அது இங்கேதான் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆனால் கடலைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஆசியான் இந்த நதியைப் பற்றிப் பேசியதே இல்லை. அதற்கென்று 1995இல் உருவான மீகாங் நதி ஆணையம் ஆசியானுக்கு வெளியே தனியாக நிற்கிறது. கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் நான்கும் உறுப்பினர்கள், சீனா பேச்சுக்கு வரும் கூட்டாளி மட்டும்.

சீனாவை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாக இருக்காது. லாவோசில் மீகாங்கின் குறுக்கே சயபுரி அணை வேண்டாம் என்று கம்போடியாவும் வியட்நாமும் கேட்டன, மன்றாடின என்றே சொல்லலாம். லாவோஸ் கேட்கவில்லை. கட்டியது தாய்லாந்து நிறுவனம், மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதும் போவது தாய்லாந்துக்கு. அணைக்கான தொடக்க விழா நடந்தது 2012 நவம்பரில், நோம் பென் கூட்டம் முறிந்த அதே ஆண்டில். அப்புறம் 2016இல் சீனா லன்சாங்-மீகாங் ஒத்துழைப்பு என்று தானே ஒரு மேசையைப் போட்டு ஐந்து கீழ்நாடுகளையும் அழைத்தது. அந்த ஆண்டு வறட்சியில் ஜிங்ஹோங் அணையைத் திறந்து தண்ணீரும் விட்டது. மேலே இருப்பவன் திறந்தால்தான் தண்ணீர் என்ற நிலை நல்ல நிலை இல்லை, ஆனாலும் காய்ந்து கிடப்பவர்களுக்கு அன்றைக்குத் தண்ணீர் வந்தது. அவர்களிடம் போய்க் கடல் சட்டம் பேசினால் எவ்வளவு நேரம் கேட்பார்கள்?

இத்தனைக்கும் ஆசியான் பிறந்ததே பெரிய அண்டை நாட்டைச் சமாளிக்கத்தான். அந்தப் பெரிய நாடு சீனா இல்லை, இந்தோனேசியா. 1963 முதல் 1966 வரை சுகர்னோவின் இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்துக் கிட்டத்தட்ட ஒரு போரையே நடத்தியது. பிலிப்பைன்ஸ் ஒரு பக்கம் மலேசியாவின் சபா மாநிலத்துக்கு உரிமை கோரியது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. இந்த நிலையில் 1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி பாங்காக்கில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. மக்கள்தொகையிலும் பரப்பிலும் மற்ற நான்கையும் விடப் பெரிய இந்தோனேசியா, சுகார்த்தோவின் கீழ், முன்வரிசையில் நிற்காமல் கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்தது. பெரியவன் தன்னை அடக்கிக்கொண்டால்தான் சின்னவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள் என்பதை அந்த அமைப்பு தன் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டது. எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு என்ற விதியும் அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான். பெரியவன் தன் விருப்பத்தைத் திணிக்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது. அதே பூட்டின் சாவியை வெளியே இருக்கும் ஒருவர் ஒரே ஒரு உறுப்பினர் வழியாகத் திருப்ப முடியும் என்று 1967இல் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அதே பாங்காக்கில் அந்தக் காலத்தில் இன்னொரு அமைப்பும் இருந்தது. சீட்டோ, 1954இல் மணிலாவில் ஒப்பந்தம் போட்டு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் எல்லாம் சேர்ந்து கட்டிய ராணுவக் கூட்டணி. பெயரில் தென்கிழக்கு ஆசியா இருந்தது, உறுப்பினர்களில் தென்கிழக்கு ஆசிய நாடுகள் தாய்லாந்தும் பிலிப்பைன்சும் மட்டுமே. 1977இல் கலைந்தே போனது. ராணுவ பலம் எல்லாம் அதனிடம்தான் இருந்தது, ஆனால் நின்றது மற்றது.

1990களில் ஆசியான் சீனாவிடம் செய்ததும் இந்தப் பழைய வித்தைதான்: உள்ளே கூப்பிட்டு உட்காரவை. 1991இல் சீன வெளியுறவு அமைச்சர் கோலாலம்பூர் கூட்டத்துக்கு விருந்தினராக வந்தார். 1994இல் ஆசியான் பிராந்திய மன்றம் தொடங்கியபோது சீனாவும் இருந்தது. 1995இல் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் சீனா கட்டடம் எழுப்பியது தெரிந்ததும் அமைச்சர்கள் ஒன்றாகச் சேர்ந்து கவலை தெரிவித்தார்கள். அப்போது கம்போடியாவும் லாவோசும் உறுப்பினர்கள் இல்லை, வியட்நாம்கூட அந்த ஆண்டு ஜூலையில்தான் சேர்ந்தது. 1997 நிதி நெருக்கடியில் சீனா தன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்காமல் இருந்தது பலருக்கு நம்பிக்கை தந்தது. 2002இல் நோம் பென்னிலேயே தென் சீனக் கடல் நடத்தை பற்றிய பிரகடனத்தில் கையெழுத்து. 2003இல் ஆசியானின் நட்புறவு ஒப்பந்தத்திலும் சீனா சேர்ந்தது, அதே கூட்டத்தில் இந்தியாவும். அந்தப் பத்தாண்டைத் திரும்பிப் பார்க்கும்போது அந்த முறை தோற்றுவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீனாவுக்கு அப்போது அந்த அறை தேவைப்பட்டது. தேவை குறைந்ததும் அறையின் பிடியும் தளர்ந்தது, அவ்வளவுதான்.

2009 மே மாதம், தென் சீனக் கடலின் பெரும்பகுதியைத் தன்னுடையதாகக் காட்டும் ஒன்பது கோட்டு வரைபடத்தைச் சீனா ஐ.நா.வுக்குக் கொடுத்த கடிதத்தோடு இணைத்தது. 2010இல் ஹனோய் கூட்டத்தில் சீன வெளியுறவு அமைச்சர் யாங் ஜியேச்சி, சீனா பெரிய நாடு, மற்றவை சின்ன நாடுகள், அது உண்மை நிலவரம் என்ற பொருளில் பேசினார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பெரியவன் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் அந்த மேசையின் மரியாதை, 1967இல் இந்தோனேசியா காப்பாற்றிய மரியாதை.

இங்கே அமெரிக்கா எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். பிலிப்பைன்சுக்கும் அமெரிக்காவுக்கும் 1951இலிருந்து பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஸ்கார்பரோ கைவிட்டுப் போனபோது அந்த ஒப்பந்தம் தென் சீனக் கடலுக்குப் பொருந்துமா என்பதை வாஷிங்டன் தெளிவாகச் சொல்லவில்லை. அங்கே பிலிப்பைன்ஸ் கப்பல்கள் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் ஒப்பந்தம் பொருந்தும் என்று ஒரு வெளியுறவுச் செயலர் மணிலாவில் நின்று வெளிப்படையாகச் சொன்னது 2019 மார்ச்சில், ஏழு ஆண்டு கழித்து. அதற்குள் சுமார் 1,300 ஹெக்டேர் அளவுக்குத் திட்டுகளின் மேல் சீனா கொட்டிய மண்ணில் தீவுகள் எழும்பி, ஓடுபாதைகளும் வந்துவிட்டன. நடுவில் 2016இல் பிலிப்பைன்ஸ் அதிபரான டுடெர்டே பீஜிங் பக்கம் சாய்ந்ததை நிறைய பேர் அவருடைய குணமாகவே பார்க்கிறார்கள். எனக்கென்னவோ அதில் 2012இன் கசப்பும் இருந்தது என்றே படுகிறது.

தனியாக விடப்பட்ட பிலிப்பைன்ஸ் 2013 ஜனவரியில் சட்டத்தின் பக்கம் போனது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றத்தில் வழக்கு. சீனா கலந்துகொள்ளவில்லை. 2016 ஜூலை 12இல் வந்த தீர்ப்பு, ஒன்பது கோட்டுக்குள் வரலாற்று உரிமை கோருவதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. சின்ன நாடு ஒன்று ஒரு வல்லரசுக்கு எதிராகப் பெற்ற மிகப் பெரிய சட்ட வெற்றிகளில் ஒன்று இது. இரண்டு வாரத்தில் லாவோஸ் தலைநகர் வியன்டியானில் ஆசியான் அமைச்சர்கள் கூடினார்கள். இந்த முறை கூட்டறிக்கை வந்தது. தீர்ப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆனாலும் ஆசியான் கதை முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை. அதற்குக் காரணம் பெரிய மேசைக்கு அடியில் நடக்கும் வேலை. 2022 டிசம்பரில் இந்தோனேசியாவும் வியட்நாமும் தங்கள் பொருளாதார மண்டல எல்லையை முடிவு செய்துகொண்டன. 12 ஆண்டுப் பேச்சு. தலைப்புச் செய்தியாக யாரும் போட்டதாக நினைவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான ஆசியச் செய்திகளில் அது ஒன்று. ஏனென்றால் இரண்டு அண்டை நாடுகள் தங்களுக்குள் கோட்டைச் சட்டப்படி போட்டுக்கொண்டால், மூன்றாவது ஒருவர் அந்தத் தகராறுக்குள் நுழைந்து குளிர்காய இடமில்லை. 2024 ஜனவரியில் வியட்நாமும் பிலிப்பைன்சும் கடலோரக் காவல்படை ஒத்துழைப்புக்குக் கையெழுத்திட்டன. தென் சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுகளில் இந்த இரண்டு நாடுகளுமே ஒன்றின் திட்டை மற்றது உரிமை கோருபவை என்பதை மறந்துவிடக்கூடாது. பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் இந்தியாவிடம் சுமார் 37.5 கோடி டாலருக்கு பிரம்மோஸ் ஏவுகணை வாங்க ஒப்பந்தம் போட்டது, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. ஜப்பானோடு, படைகள் ஒன்றின் மண்ணில் மற்றது பயிற்சி செய்ய வழிசெய்யும் ஒப்பந்தம் 2024 ஜூலையில் கையெழுத்தாகி 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படையோடு நடந்த சண்டையில் மணிலா நகரமே அழிந்த வரலாறு உள்ள நாடு அது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் சின்னச் சின்ன முடிச்சுகள் எதுவும் யாரையும் எதிர்த்து என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. எதுவும் பத்து நாடுகளின் சம்மதத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. 2023இல் ஆசியான் நாடுகள் மட்டும் சேர்ந்து முதல் கூட்டு ராணுவப் பயிற்சி நடத்தியபோது, முதலில் திட்டமிட்ட, சீனாவின் உரிமைகோரலும் தொடும் வடக்கு நதுனா கடலிலிருந்து அதைத் தெற்கு நதுனாவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் அப்படித்தான் நகர வேண்டியிருக்கும். இரண்டு இரண்டு பேராகச் சேரும்போது நகர வேண்டியதில்லை.

குவாட் இன்னொரு வழி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கின் கடற்படைகளும் மீட்பு வேலையைப் பங்கிட்டுக்கொண்டதிலிருந்து அந்த யோசனை பிறந்தது. 2007இல் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே அதற்கு உருவம் கொடுக்கப் பார்த்தார். சீனா எதிர்ப்புத் தெரிவித்தது, 2008இல் ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது, இந்தியாவும் உள்ளுக்குள் தயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை மறுபடி எழுப்பியது ராஜதந்திரிகளின் சாமர்த்தியம் என்பதை விட, சீனாவின் நடவடிக்கைகள் என்றே சொல்வேன். 2017 கோடையில் டோக்லாமில் இந்தியப் படையும் சீனப் படையும் எதிரெதிரே நின்றன, அந்த நவம்பரில் நான்கு நாடுகளும் மறுபடி மணிலாவில் உட்கார்ந்தன. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள், அந்த நவம்பரில் மலபார் கூட்டுக் கடற்படைப் பயிற்சிக்கு ஆஸ்திரேலியா திரும்ப வந்தது. கோவிட் எங்கே தொடங்கியது என்று விசாரிக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பிறகு ஆஸ்திரேலிய பார்லி மேலும் வைன் மேலும் சீனா கடும் வரி போட்டது. ஆஸ்திரேலியாவின் தயக்கம் அதோடு போயிற்று.

ஆனால் குவாட்டும் அதே இடத்தில்தான் தடுமாறுகிறது, உள்ளே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50% வரி போட்டது. அந்த ஆண்டு இந்தியாவில் நடந்திருக்க வேண்டிய குவாட் தலைவர்கள் கூட்டம் நடக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் இந்தியப் பிரதமர் சீனாவின் தியான்ஜினில் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மேடையில் இருந்தார். சீனாவோடு எல்லைத் தகராறு தீர்ந்துவிடவில்லை, யாரும் தீர்ந்ததாக நினைக்கவும் இல்லை. 2021 செப்டம்பரில் ஆகஸ் (AUKUS) என்ற ஆஸ்திரேலிய-பிரிட்டிஷ்-அமெரிக்கப் பாதுகாப்புக் கூட்டின் அறிவிப்பின்போதும் இதையே பார்த்தோம்: பிரான்சிடம் வாங்குவதாக இருந்த நீர்மூழ்கிகளை ஆஸ்திரேலியா திடீரென்று ரத்து செய்ய, பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்து தன் தூதரையே திரும்ப அழைத்தது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் சொந்த நிலமும் படையும் வைத்திருக்கும் ஒரு நட்பு நாட்டை ஒரு காலைப்பொழுதில் அவமானப்படுத்தியதால் யாருக்கு லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, எழுந்து வருபவரின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒருபக்கமாகிவிடும். 2010இல் சீனா உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமானது. அப்போது சர்வதேச நாணய நிதியத்தில் அதன் பங்கு சுமார் 4%, பிரிட்டனையும் பிரான்சையும் விடக் குறைவு. பங்கை உயர்த்த 2010 டிசம்பரில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஐந்து ஆண்டு கிடப்பில் போட்டது. பங்கு ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே உயர்ந்து சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 26ஆம் தேதி. அதற்குப் பத்து நாள் முன்பு, ஜனவரி 16 அன்று, பீஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி திறக்கப்பட்டது. 10,000 கோடி டாலர் மூலதனம், 57 தொடக்க உறுப்பினர்கள், அமெரிக்கா வேண்டாம் என்று சொல்லியும் பிரிட்டன் உள்ளே. வாக்கில் சுமார் 26% சீனாவிடம், பெரிய முடிவுகளுக்கு 75% வேண்டும் என்பதால் தடுக்கும் அதிகாரமும் அதனிடம். இந்த இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு நாற்காலியை நகர்த்தித் தர ஐந்து ஆண்டு ஆனால், வருபவர் தனக்கென்று ஒரு வீடே கட்டிக்கொள்வார் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

அந்த வங்கி நடந்துகொண்ட விதமும் கவனிக்க வேண்டியது. ஆரம்பத்தில் பயந்தபடி அது பீஜிங்கின் பணப்பெட்டியாக மட்டும் மாறிவிடவில்லை. உலக வங்கியோடும் ஆசிய வளர்ச்சி வங்கியோடும் சேர்ந்து கடன் கொடுத்தது, அவற்றின் விதிமுறைகளை ஒட்டியே தன் விதிமுறைகளை எழுதிக்கொண்டது. அதனிடம் அதிகம் கடன் வாங்கிய நாடு இந்தியா. கல்வான் மோதல் நடந்த அதே 2020 ஜூன் மாதத்தில்தான் கோவிட் நிவாரணத்துக்காக இந்தியாவுக்கு 75 கோடி டாலர் கடனுக்கு அது ஒப்புதல் தந்தது. பல நாடுகள் பங்குதாரர்களாக உள்ளே இருந்ததால்தான் அப்படி நடக்க முடிந்தது என்று நம்புகிறேன். வெளியே நின்று எதிர்த்திருந்தால் அந்த விதிமுறைகளை எழுதும்போது கூட இருந்திருக்க முடியாது.

ஐரோப்பா இதை ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1914க்கு முன்னால் ஜெர்மனி வளர வளர, சுற்றி இருந்தவர்கள் ஒப்பந்தத்துக்கு எதிர் ஒப்பந்தம் என்று இறுக்கிக்கொண்டே போனார்கள். 1951இல் செய்தது வேறு. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் இன்னும் நான்கு நாடுகளும் போர் செய்யத் தேவையான நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது ஆணையத்தின் கையில் கொடுத்தன. 1990இல் ஜெர்மனி மறுபடி ஒன்றாகிப் பெரிதானபோதும் பதில் அதே திசையில்தான் இருந்தது: ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், பொது நாணயம். இதை அப்படியே ஆசியாவுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. தோற்று, பிளந்து, மனம் மாறிய ஜெர்மனி தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது. வளர்ந்துகொண்டிருக்கும் சீனாவுக்கு அப்படிச் சம்மதிக்க இன்று எந்தக் காரணமும் இல்லை. வங்கியில் சம்மதிக்கிறது, 2020இல் 15 நாடுகள் கையெழுத்திட்ட ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் சம்மதிக்கிறது, கடலில் சம்மதிக்க மறுக்கிறது.

கடலுக்கான நடத்தை விதிகள் 2002 பிரகடனத்திலேயே வாக்குக் கொடுத்த விஷயம். 2018இல் எல்லோருடைய கோரிக்கைகளையும் ஒன்றாகக் கோத்து ஒரே வரைவு தயாரானது. மூன்று ஆண்டுக்குள், அதாவது 2026க்குள், முடிப்போம் என்று 2023இல் ஒப்புக்கொண்டார்கள். சட்டப்படி கட்டுப்படுத்துமா, எந்தெந்தக் கடல்பகுதிக்குப் பொருந்தும், வெளிநாட்டுக் கடற்படைகளோடு பயிற்சி நடத்த மற்றவர்களின் அனுமதி வேண்டுமா என்ற மூன்று கேள்விகளில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டு நிற்கிறது. இதற்கிடையில் ஸ்ப்ராட்லி பகுதியின் செகண்ட் தாமஸ் திட்டில் 1999இல் வேண்டுமென்றே தரைதட்ட விட்ட சியரா மாட்ரே என்ற துருப்பிடித்த கப்பலில் பிலிப்பைன்ஸ் வீரர்கள் காவல் இருக்கிறார்கள். 2024 ஜூன் 17 அன்று அவர்களுக்குப் பொருள் கொண்டுபோன படகைச் சீனக் காவல்படை கோடரியும் கத்தியுமாக மறித்தபோது ஒரு வீரரின் கட்டைவிரல் போயிற்று.

2026இல் ஆசியான் தலைமை பிலிப்பைன்சிடம். 2012இல் அறிக்கையில் தன் திட்டின் பெயரை எழுதவைக்க முடியாமல் போன நாடு இப்போது அறிக்கையை எழுதும் நாற்காலியில். இதற்கு நடுவில் 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் மறுபடி ஐந்து நாள் போரிட்டன. புத்ராஜெயாவில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இரு தரப்பையும் உட்காரவைத்துச் சண்டையை நிறுத்தினார், அமெரிக்கத் தூதரும் சீனத் தூதரும் அதே அறையில் இருந்தார்கள். டிசம்பரில் அந்த நிறுத்தமும் உடைந்து மறுபடி சண்டை நடந்தது. பிலிப்பைன்ஸ் தன் கடலுக்காகக் கம்போடியாவின் கையைக் கேட்கும் முன், அந்த எல்லைக்காகவும் அந்த நதிக்காகவும் என்ன செய்யப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நதலெகாவா 2012இல் கூட்டம் முறிந்த சில நாளில் விமானம் ஏறி, தலைநகர் தலைநகராகப் போய், ஜூலை 20க்குள் ஆறு அம்சக் கொள்கை ஒன்றில் எல்லோரையும் சம்மதிக்கவைத்தார். அவர் போனபோது அவருக்குக் கதவு திறந்தது, கம்போடியாவிலும். முந்தின ஆண்டு அந்த எல்லைக்காக அலைந்தவர் அவர்தான்.

அடுத்த கூட்டறிக்கை வந்ததும் தென் சீனக் கடல் பத்தியைப் பார்ப்பதற்கு முன்னால் மீகாங் எத்தனையாவது பத்தியில் இருக்கிறது, அங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவேன்.